நியூட்ரல் விழாத வண்டி

"அக்கா, நீங்கள் ஓட்டுகிற வண்டியையே நானும் வாங்கலாமா?" என்று சித்தி மகள் போனில் கேட்டாள். கேட்ட நேரம் சரியில்லை. அன்று மாலைதான் கிளட்ச் கேபிள் மாற்றிக்கொண்டு வீடு வந்திருந்தேன். வாயைத் திறந்திருந்தால் வண்டியையும் அதைச் செய்தவர்களையும் சேர்த்து வாரியிருப்பேன். "எழுதி அனுப்புகிறேன்" என்று சொல்லித் தப்பித்துக்கொண்டேன். அவளுக்காகத் தொடங்கியது நீண்டுவிட்டது. ஸ்கூட்டரை விட்டுவிட்டுக் கியர் வண்டிக்கு மாற நினைக்கிற மற்றவர்களும் படிக்கட்டும்.

வண்டி 160 சிசி. விலை, எடை, வண்ணம் எல்லாம் அவளே பார்த்து வைத்திருக்கிறாள். அதை நான் திருப்பிச் சொல்ல வேண்டியதில்லை. இரண்டு மழைக்காலத்தைப் பார்த்துவிட்ட வண்டி என்பது மட்டும் போதும். அதற்கு முன்பு நான் கியர் இல்லாத ஸ்கூட்டர் மட்டுமே ஓட்டியவள். கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து புதுச்சேரிக்கு வேலைக்குப் போக ஆரம்பித்த பிறகுதான் ஸ்கூட்டரின் சின்னச் சக்கரம் எனக்குப் பகையானது. ஆல்பேட்டை தாண்டி, பெண்ணையாற்றுப் பாலம் ஏறி, முள்ளோடை, கன்னியக்கோயில், கிருமாம்பாக்கம், தவளக்குப்பம் என்று போகும் அந்தச் சாலையில் தனியார் பஸ்கள் பக்கத்தில் உரசிக்கொண்டு போகும்போது ஸ்கூட்டர் ஒரு பக்கமாகத் தள்ளாடும். பள்ளத்தில் இறங்கினால் இடுப்பெலும்பு பதில் சொல்லும்.

இந்த வண்டியில் அந்தத் தொல்லை இல்லை. 17 அங்குலச் சக்கரம் பள்ளத்தைப் பள்ளமாகவே மதிப்பதில்லை. பஸ் கடந்து போனாலும் ஹேண்டில் பார் அசையாமல் நிற்கிறது. நான்காவது கியரில் ஐம்பதில் போனால் என்ஜின் முணுமுணுப்பதுகூடத் தெரியாது. பெட்ரோல் லிட்டருக்கு 45 கிலோமீட்டருக்குக் குறையவில்லை. கடலூர்க்காரர்கள் எல்லோரையும் போல நானும் புதுச்சேரி எல்லைக்குள் போய்த்தான் டேங்கை நிரப்புகிறேன், அங்கே விலை குறைவு. முன் பிரேக்கின் ஏபிஎஸ், அதாவது திடீரென்று பிரேக் பிடித்தாலும் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ளும் அமைப்பு, ஒரு மழைநாளில் தவளக்குப்பம் அருகே, குறுக்கே வந்த ஆட்டுக்குட்டியையும் என்னையும் சேர்த்துக் காப்பாற்றியது. லீவர் விரலுக்கடியில் படபடவென்று அடித்தது, சக்கரம் வழுக்கவில்லை. 125 சிசிக்கு மேற்பட்ட வண்டிகளுக்கு 2019 முதல் ஏபிஎஸ் கட்டாயம் என்பதால் இதற்கான புகழை வண்டிக்குக் கொடுப்பதா, சட்டத்துக்குக் கொடுப்பதா என்பது வேறு விஷயம்.

இனி என் தலைவலிக்கு வருகிறேன். நியூட்ரல் விழாது.

ஸ்கூட்டர் ஓட்டுபவர்களுக்கு இது புரியாது. அங்கே நின்றால் நின்றதுதான். கியர் வண்டியில் சிக்னலில் நிற்கும்போது முதல் கியருக்கும் இரண்டாவதுக்கும் நடுவில் நியூட்ரலுக்கு, அதாவது எந்தக் கியரும் பிடிக்காத நிலைக்குக் கொண்டுவர வேண்டும். அப்போது மீட்டரில் பச்சை விளக்கு எரியும், என்ஜினைச் சக்கரத்திலிருந்து பிரித்துவைக்கும் கிளட்ச்சை இடது கை விடலாம். என் வண்டியில் முதல் கியரில் இருந்தபடி பெருவிரலால் மெல்ல மேலே தூக்கினால் அசையவே அசையாது. கொஞ்சம் அழுத்தித் தூக்கினால் பச்சை மினுக்கிவிட்டு மறைந்து இரண்டாவதில் போய் உட்காரும். கீழே மிதித்தால் மறுபடி முதல். தூக்கினால் இரண்டு, மிதித்தால் ஒன்று. இதற்குள் சிக்னல் விழுந்துவிடும். என் இடது காலணியின் மேல்புறத்தில் கியர் லீவர் பட்டுப் பட்டுக் கட்டைவிரல் அகலத்துக்கு ஒரு கருப்பு வடு விழுந்திருக்கிறது. செருப்புப் போட்டு ஓட்டிய காலத்தில் அந்த வடு நகத்துக்கு மேலேயே விழுந்தது.

காலையில் இந்தப் பிரச்சினை இருக்காது. வீட்டை விட்டுக் கிளம்பும்போது என்ஜின் குளிர்ந்திருக்கும், விரல் பட்டாலே பச்சை எரியும். முள்ளோடை வரைக்கும் நல்ல பிள்ளை. அரியாங்குப்பம் பாலம் தாண்டி முருங்கப்பாக்கத்தில் நெரிசலில் ஊர்ந்து, மரப்பாலம் சிக்னலுக்கு வரும்போது என்ஜின் சூடேறியிருக்கும். அங்கே தொடங்கும் கூத்து. ஊருக்குள் போனால் இன்னும் மோசம். புதுச்சேரியின் பழைய தெருக்கள் நூல் பிடித்தாற்போல் குறுக்கும் நெடுக்குமாகப் போகிறவை. பார்க்க அழகு, ஓட்ட, நாலு வீட்டுக்கு ஒரு சந்திப்பு. நேரு வீதியில் ஒரு முனையிலிருந்து மறுமுனை போவதற்குள் எத்தனை தடவை நிற்க வேண்டுமோ அத்தனை தடவையும் இந்த வண்டியோடு மல்லுக்கட்ட வேண்டும். சிவப்புத் தொப்பிப் போக்குவரத்துக் காவலர் கையைக் காட்டிவிட்டார், பின்னால் ஆட்டோக்காரர் ஹாரனை அமுக்குகிறார், நான் குனிந்து மீட்டரைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். அந்தப் பதற்றத்தில் இரண்டாவது கியர் என்று தெரியாமல் கிளட்ச்சை விட்டால் வண்டி ஒரு உதறு உதறி அணைந்துவிடும்.

ஆல்பேட்டை சோதனைச் சாவடி தனிக்கதை. புதுச்சேரியிலிருந்து வருகிற வண்டிகளில் மது பாட்டில் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். அது அவர்கள் வேலை. "பையைத் திறங்கம்மா" என்றார் காவலர். இடது கை கிளட்ச்சில், வலது கை பிரேக்கில், வண்டி முதல் கியரில், பச்சை விளக்கு எங்கேயோ. பையைத் திறக்க மூன்றாவது கை வேண்டும். "ஒரு நிமிடம் சார்" என்று நான் காலால் லீவரைத் தேடிக்கொண்டிருந்ததை அவர் சந்தேகமாகப் பார்த்தார். கடைசியில் என்ஜினை அணைத்தேன். அணைத்த அடுத்த நொடி, கால் பட்டதுமே நியூட்ரல் விழுந்தது.

இந்த ஒரு விஷயம்தான் காரணத்தைத் தேட வைத்தது. கிளட்ச் லீவரை முழுதாகப் பிடித்தாலும் உள்ளே என்ஜின் எண்ணெயில் மிதக்கும் கிளட்ச் தட்டுகள் முழுதாகப் பிரியாமல் கொஞ்சம் இழுத்துக்கொண்டே சுற்றினால், கியர்ப் பற்கள் ஒன்றையொன்று இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். லீவருக்கு அசைந்து கொடுக்காது. என்ஜின் அணைந்தால் இழுப்பு நிற்கிறது, பற்கள் தளர்கின்றன, நியூட்ரல் வந்துவிடுகிறது. கேபிள் தளர்ந்திருந்தாலும், எண்ணெய் பழசாகியிருந்தாலும் இப்படி ஆகும். இதெல்லாம் எனக்கு முதுநகர் மெக்கானிக் சொன்னது. கம்பெனி சர்வீஸ் நிலையத்தில் சொன்னது வேறு: "மேடம், புது வண்டி அப்படித்தான் இருக்கும், ஓட ஓடச் சரியாகிவிடும்." அடுத்த சர்வீஸில், "மேடம், வண்டி ஓடிவிட்டது இல்லையா, அப்படித்தான் இருக்கும்." புதுசுக்கும் பழசுக்கும் நடுவில் அது சரியாக இருந்த நாள் எது என்று கேட்டேன். பில் கொடுத்தார்கள்.

முதுநகர்க்காரர் நேர்மையானவர், ஆனால் அவரிடமும் எனக்கு ஒரு தகராறு உண்டு. வண்டி வாங்கிய புதிதில் தேவனாம்பட்டினம் சில்வர் பீச்சுக்குப் போய், சாலை ஓரத்தில் கெட்டியான மண் என்று நம்பி சைடு ஸ்டாண்டு போட்டு நிறுத்தினேன். சுண்டல் வாங்கித் திரும்புவதற்குள் ஸ்டாண்டு மணலில் புதைந்து, வண்டி மெல்லச் சாய்ந்து இடது பக்கமாகப் படுத்துவிட்டது. கீழே ஒரு தட்டைக் கல்லோ தேங்காய் மட்டையோ வைத்தால் புதையாது என்பதைச் சுண்டல் விற்ற அண்ணன் பிறகு சொன்னார். தூக்குவதற்கும் அவர்தான் வழி சொன்னார்: வண்டிக்கு முதுகைக் காட்டிக் குந்தி, ஒரு கையால் ஹேண்டில் பாரையும் மறுகையால் சீட்டுக்கு அடியில் பிடியையும் பற்றி, இடுப்பால் சீட்டைத் தள்ளிக்கொண்டு பின்னோக்கி அடி வைக்க வேண்டும். முன்னால் நின்று இழுத்தால் முதுகுதான் போகும். கியரில் வைத்துவிட்டுத் தூக்கினால் உருளாது. அன்று மட்டும் இந்த வண்டி நியூட்ரலில் இருந்தது, கவனிக்க.

அந்த விழுகையில் கிளட்ச் லீவர் லேசாக வளைந்திருந்தது. மெக்கானிக் அதைப் பிடித்துக்கொண்டார். "லீவர் வளைந்தால் ஹேண்டில் பாரில் சீக்கிரம் முட்டிக்கொள்ளும் அம்மா, கேபிள் முழுசாக இழுபடாது, அதனால்தான் நியூட்ரல் விழவில்லை." கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் கடற்கரைக்குப் போவதற்கு முன்பே, மஞ்சக்குப்பம் மைதானத்தில் கியர் லைசென்ஸுக்காக எட்டு போட்டுப் பழகிய நாட்களிலேயே இந்த வண்டி இப்படித்தான் இருந்தது. லீவரை மாற்றினோம். கேபிளில் அரைச் சுற்றுத் தளர்வை எடுத்துவிட்டார். முன்பு பத்தில் ஒரு தடவை விழுந்த நியூட்ரல் இப்போது மூன்றில் ஒரு தடவை விழுகிறது. அவர் சொன்னதில் பாதி உண்மை இருக்கிறது என்பதை ஒப்புக்கொள்கிறேன். மீதிப் பாதிக்கு யார் பொறுப்பு?

எட்டு போடுவதைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். புதிதாகக் கற்பவர்கள் எல்லோரும் வேகத்துக்குப் பயப்படுகிறார்கள். வண்டி கீழே போடுவது வேகத்தில் இல்லை, ஊர்ந்து திரும்பும்போதுதான். ஹேண்டில் பாரை முழுதாக ஒடித்துக்கொண்டு முன் பிரேக்கைத் தொட்டால் போதும், வண்டி அந்தப் பக்கமே விழும். மைதானத்தில் என் வலது பக்கக் கண்ணாடி அப்படித்தான் போனது. முன் பிரேக்கிலிருந்து விரலை எடுத்துவிட்டு, கிளட்ச்சைப் பாதி பிடித்து, வலது காலால் பின் பிரேக்கை லேசாக மிதித்துக்கொண்டே, போக வேண்டிய இடத்தைப் பார்த்துத் திரும்ப வேண்டும். கீழே பார்த்தால் கீழேதான் போவீர்கள். இந்த விஷயத்தில் வண்டியைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பாதி கிளட்ச்சில் ஆக்சிலேட்டரே கொடுக்காமல் நடை வேகத்தில் போகும், அவ்வளவு பொறுமை. எட்டைக் கால் ஊன்றாமல் முடித்தபோது ஆய்வாளர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

இன்னொன்றையும் சொல்லாவிட்டால் வண்டிக்குத் துரோகம். 2024 நவம்பர் 30 ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. ஒரே நாளில் 46 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. முந்தின நாளே வண்டியை அலுவலக வளாகத்தில் விட்டுவிட்டு பஸ்ஸில் ஊர் வந்துவிட்டேன். அடுத்து சாத்தனூர் அணையிலிருந்து வந்த தண்ணீரில் பெண்ணையாறு பெருகி, கடலூரின் வடபக்கம் வெள்ளத்தில் நின்றது. நான் போய்ப் பார்க்க நாளாயிற்று. தண்ணீர் என்ஜினுக்கு மேலே வரை நின்ற சேற்றுக்கோடு டேங்க்குக்குக் கீழே தெரிந்தது. கை பரபரத்தாலும் ஸ்டார்ட்டரைத் தொடவில்லை. தண்ணீர் புகுந்த என்ஜினைச் சுற்றவிட்டால் உள்ளே உடைந்துவிடும் என்று கேட்டிருந்தேன். தள்ளிக்கொண்டு போய் ஒரு பட்டறையில் எண்ணெயை இறக்கினால், பாலில் போட்ட டீ மாதிரி வந்தது. புது எண்ணெய் ஊற்றி, அதையும் இறக்கி, மறுபடி ஊற்றினார்கள். ஸ்பார்க் பிளக்கைத் துடைத்து மாட்டி, பட்டனை அமுக்கியதும் பற்றிக்கொண்டது. பக்கத்தில் இருந்த மற்ற வண்டிகளின் சொந்தக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

அப்புறம் சில வாரங்கள் மரப்பாலத்தில்கூட விரல் பட்டவுடன் பச்சை எரிந்தது. எண்ணெய்தான் சூட்சுமம் என்று எனக்கு அன்றே தெரிந்தது. கையேட்டில் சொன்ன தூரத்துக்கு முன்பே இப்போது எண்ணெய் மாற்றிவிடுகிறேன். செலவு கூடுகிறது. இதை வண்டி செய்தவர்கள் செய்திருக்க வேண்டும், நான் செய்கிறேன்.

துரு பற்றி நீட்ட மாட்டேன். கடல் காற்று ஊரில் எந்த வண்டிக்கும் போல்ட்டுகள் சிவக்கும். செயினுக்கு வாரம் ஒருமுறை எண்ணெய் விடுங்கள், போதும்.

சமாளிக்கக் கற்றுக்கொண்ட வழி ஒன்று இருக்கிறது. சிக்னல் தூரத்தில் தெரியும்போதே இரண்டாவது கியரில் வந்து, வண்டி முழுதாக நிற்பதற்கு முன்பே, சக்கரம் உருண்டுகொண்டிருக்கும்போதே கீழே பாதி மிதி மிதித்தால் நியூட்ரல் விழும். நின்ற பிறகு தேடினால் கிடைக்காது. நின்றுவிட்டால், கிளட்ச்சை ஒரு மயிரிழை விட்டுப் பிடித்துக்கொண்டே மேலே தூக்க வேண்டும். அதுவும் நடக்காவிட்டால் கிளட்ச்சைப் பிடித்தபடியே சிக்னலின் பச்சைக்குக் காத்திருங்கள், இடது மணிக்கட்டு வலிக்கும், வேறு வழியில்லை.

சரி, வாங்கலாமா? வேண்டாம் அம்மு. நெடுஞ்சாலையில் இதைவிட நல்ல வண்டி இந்த விலையில் நான் ஓட்டியதில்லை, பிரேக் நம்பிக்கையானது, வெள்ளத்தில் மூழ்கி எழுந்தது, இருந்தாலும் வேண்டாம். உன் கல்லூரி ஊருக்கு நடுவில் இருக்கிறது, நெடுஞ்சாலையில் இல்லை. அப்படியும் மனசு இதிலேயே நின்றால், ஷோரூமில் காலையில் குளிர்ந்திருக்கும் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுத் தலையாட்டாதே. மத்தியானம் போ, அரைமணி நேரமாவது ஓட்டு, என்ஜின் சூடான பிறகு நெரிசலில் நிறுத்தி நிறுத்திப் பச்சை விளக்கு எரிகிறதா என்று பார். அதற்கு அவர்கள் ஒப்புக்கொள்ளாவிட்டால் பணத்தைப் பையிலேயே வைத்துக்கொண்டு வீட்டுக்கு வா. என்னுடையதைப் பாதி விலைக்குக் கொடுங்கள் என்று உன் அப்பா கேட்கச் சொல்லியிருப்பார். அது விற்பனைக்கு இல்லை.