எனக்கும் ஊர் இருக்கே: எங்கள் வீட்டில் நான்கு வார்த்தைகளைப் புழங்கிப் பார்த்த கதை

அம்மாவுக்கு நான்கு தங்கைகள். கும்பகோணத்துச் சித்தி, பேரளத்துச் சித்தி, வலங்கைமான் சித்தி. நாலாமவர் வாக்கப்பட்டது நீடாமங்கலத்தில், ஆனால் அவர் மட்டும் ‘செவிட்டுச் சித்தி’. ஏழு வயசில் மூளைக்காய்ச்சல் வந்து காது போனது. யாரும் வஞ்சகமாகச் சொன்ன பெயர் இல்லை. நானும் முப்பது வருஷம் அப்படித்தான் கூப்பிட்டேன்.

போன பொங்கலுக்குக் கரும்பும் மஞ்சள் கொத்துமாக வந்து இறங்கியவரைப் பார்த்து, நாலாவது படிக்கும் என் மகள் “செவிட்டுப் பாட்டி வந்தாச்சு” என்று வாசலில் நின்று கத்தினாள். சித்தி உதட்டசைவைப் பார்த்தே பேச்சைப் புரிந்துகொள்வார். சிரித்தபடி கரும்பைச் சாய்த்து வைத்தார். பிறகு கொல்லைக்குப் போய் ரொம்ப நேரம் கை கழுவிக்கொண்டிருந்தார்.

இனி எந்த வார்த்தையைப் புழங்குவது என்ற பேச்சு அன்றைக்கு ராத்திரியே வந்துவிட்டது. பழைய வார்த்தை, ‘மாற்றுத்திறனாளி’, ‘தெய்வப் பிள்ளை’ வகை, உள்ளதை உள்ளபடி சொல்வது என்று நான்கு வழிகள். ஆடிப்பெருக்கு வரைக்கும் மாற்றி மாற்றிப் பேசிப் பார்த்ததில் எனக்குப் பட்டதை எழுதுகிறேன்.

பழைய வார்த்தைகளைப் பற்றி நிறையச் சொல்ல வேண்டாம். செவிடு, குருடு, நொண்டி எல்லாம் வலிக்கும் என்று சொல்கிறவர்களுக்கே தெரியும். “பாசத்துல சொல்றதுதானே” என்பார்கள். கொல்லையில் கை கழுவியவரிடம் கேட்க வேண்டிய கேள்வி அது. ஆனால் ‘ஊமை’ வேறு ரகம். அது வலிக்கிறது என்பதோடு, பொய்யும்கூட. பிறவியிலேயே காது கேட்காத பிள்ளைக்குப் பெரும்பாலும் தொண்டையில் ஒரு கோளாறும் இருக்காது. கேட்டால்தானே பேச்சு வரும்? ஊமை என்று சொன்னதும் ஊர்க்கண் முழுக்க வாய்க்குப் போய்விடுகிறது. வசம்பை உரசி நாக்கில் தடவு, மணி கட்டுகிறோம் என்று வேண்டிக்கொள் என்று வருஷம் ஓடும். பார்க்க வேண்டியது காதை. முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் காக்ளியர் கருவி (உட்காதில் அறுவை சிகிச்சை செய்து வைக்கும் கேட்கும் கருவி) பொருத்துவது ஆறு வயசுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்கு. நாக்கைப் பார்த்துக்கொண்டே அந்த வயசைத் தாண்டவிட்டால் போனது போனதுதான்.

‘மாற்றுத்திறனாளி’ மரியாதையான சொல். 2010-இல், திருக்குவளையில் பிறந்த கலைஞர் முதல்வராக இருந்தபோது, ‘ஊனமுற்றோர்’ என்பதை அரசு வழக்கிலிருந்து எடுத்துவிட்டு இதைக் கொண்டுவந்தார்கள். ஊனம் என்ற சொல்லைச் சுமந்து அலுவலகப் படி ஏறியவர்களுக்கு அது எவ்வளவு பெரிய மாற்றம் என்று சித்தியே சொல்லியிருக்கிறார். விண்ணப்பத்திலும் பஸ் பாஸிலும் இது இருக்கட்டும். வீட்டுக்குள்தான் ஒட்டவில்லை. “சின்னப் பாட்டிக்கு என்ன மாற்றுத்திறன்?” என்று மகள் கேட்டாள். சித்தி ரவிக்கை தைப்பார், நன்றாகவே தைப்பார். அது அவர் கற்றுக்கொண்ட தொழில், காதுக்குப் பதிலாக வந்த வரமில்லை. ‘தெய்வப் பிள்ளை’ வகையும் ஒட்டாததற்குக் காரணம் இதுதான். 2015 டிசம்பரில் பிரதமர் மோடி முன்வைத்த ‘திவ்யாங்’ (தெய்வீக அங்கம்) என்ற சொல்லையும் மாற்றுத்திறனாளிகள் பலர் இதனால்தான் எதிர்த்தார்கள்.

என் மனசை முடிவு பண்ண வைத்தது ஒரே விஷயம்: வார்த்தையைக் கேட்டவர் அடுத்து என்ன செய்கிறார்? சித்தியோடு ஒரு வங்கிக்குப் போனேன். கவுண்டரில் இருந்தவரிடம், “இவங்க மாற்றுத்திறனாளி சார்” என்றேன். உடனே நாற்காலி போடச் சொன்னார், நல்ல மனுஷர். போட்டுவிட்டு, குனிந்து கம்ப்யூட்டரைப் பார்த்தபடியே எட்டு கேள்வி கேட்டார். சித்திக்குக் காலில் ஒன்றுமில்லை, நின்றுகொள்வார். அவருக்கு வேண்டியது அந்த மனுஷரின் முகம். எல்லாக் கேள்விக்கும் நான்தான் பதில் சொன்னேன், சித்தியின் பணத்துக்கு.

அடுத்த மாசம் அதே கவுண்டர். “சித்திக்குக் காது கேக்காது சார். நிமிர்ந்து பாத்துப் பேசுனீங்கன்னா புரிஞ்சுக்குவாங்க.” அவர் நிமிர்ந்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, “நாமினி யாரும்மா?” என்று சித்தியையே கேட்டார். நான் தள்ளிப்போய் நின்றுகொண்டேன்.

2016-ஆம் வருஷத்து மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் 21 வகைக் குறைபாடுகள் இருக்கின்றன. முந்தைய 1995 சட்டத்தில் ஏழுதான். இருபத்தொன்றுக்கும் பொதுவாக ஒரு சொல் உரிமை கேட்க உதவும். எதிரில் இருப்பவர் நிமிர வேண்டுமா, சாய்தளம் போட வேண்டுமா, கைபிடித்து இறக்க வேண்டுமா என்பதை அது சொல்லாது. திருவாரூரில் கமலாலயக் குளத்தைத் தோண்டிய தண்டியடிகள் நாயனாருக்குக் கண் தெரியாது. குளத்துக்குள் ஒரு கம்பு, கரையில் ஒரு கம்பு, நடுவே கயிறு, அதைத் தடவியபடி மண் சுமந்தார் என்பதுதான் அவர் கதை. கண் தெரியாது என்று தெளிவாகச் சொன்னால்தான் கயிறு கட்ட வேண்டும் என்று தோன்றும்.

இதில் ஒரு நிபந்தனை உண்டு. காது சம்பந்தப்பட்ட இடத்தில் மட்டும் காதைச் சொல்ல வேண்டும். கல்யாணப் பத்திரிகை கொடுக்கும்போது எதற்கு? அதேபோல மற்ற பிள்ளைகளை ‘நார்மல் பிள்ளைங்க’ என்றும் சொல்வதில்லை. ‘காது கேக்குற பிள்ளைங்க’.

வசவில்லாமல் பேச்சோடு பேச்சாக வருவதை மாற்றுவது நான் பயந்த அளவு கஷ்டமாக இல்லை. நொண்டிச்சாக்குக்குச் சப்பைக்கட்டு இருக்கிறது. பைத்தியக்கார விலைக்கு அநியாய விலை. ‘செவிடன் காதில் ஊதிய சங்கு’க்கு ‘விழலுக்கு இறைத்த நீர்’. விழல் என்னவென்று தெரிந்த ஊர் இது, இன்னும் அழுத்தமாகவே விழுகிறது. ‘லூசு’தான் என் வாயிலிருந்து இன்னும் முழுசாகப் போகவில்லை. மனநலச் சிக்கலோடு வாழ்கிறவர்கள் எங்கள் வீட்டில் இல்லை. அங்கே எந்தச் சொல் உதவும் என்று நான் தீர்ப்புச் சொல்வது சரியாக இருக்காது, அவர்களைக் கேட்டுத்தான் பேச வேண்டும்.

நாங்களும் கடைசியில்தான் கேட்டோம். உங்களை எப்படிக் கூப்பிடுவது என்று சித்தியிடம் கேட்டதும், ரவிக்கை அளவு குறிக்கும் நோட்டை எடுத்து எழுதிக் காட்டினார்: “எனக்கும் ஊர் இருக்கே.”

நீடாமங்கலம் சித்தி. மகளுக்கு நீடாமங்கலத்துப் பாட்டி. அம்மாவுக்குத்தான் இன்னும் வாய் பழகவில்லை. “செவி...” என்று ஆரம்பித்து, நிறுத்தி, “நீடாமங்கலத்தா வந்தாளா?” என்று முடிக்கிறார்.