டர்பனில் பழைய சின்ன கார் வாங்கப் போகிறீர்களா? இதைப் படித்துவிட்டுப் போங்கள்

62,000 ராண்ட். மாதாமாதம் சம்பளத்தில் பிடித்துப் பிடித்துச் சேர்த்த பணம். அதை வாங்கிக்கொண்டு, செத்த எஞ்சினைத் தலையில் கட்டிவிட்டு, இன்று என் போனையே எடுக்க மறுக்கிறார் ஒரு பழைய கார் வியாபாரி. நம் வாட்ஸ்அப் குழுவில் "குறைந்த விலையில் சின்ன கார் எங்கே கிடைக்கும்" என்று இந்த வாரமும் ஒருவர் கேட்டிருக்கிறார். அவருக்காகவே இதை எழுதுகிறேன். கடைசியில் என்னென்ன பார்க்க வேண்டும் என்றும் சொல்கிறேன்.

கார் 2005 மாடல் டொயோட்டா டாஸ், 1.3 எஞ்சின். டர்பன்காரர்களுக்கு அறிமுகமே வேண்டாம். இங்கே பிராஸ்பெக்டன் ஆலையிலேயே செய்த வண்டி. 2006-இல் உற்பத்தி நின்றுபோனாலும் சாட்ஸ்வொர்த்திலும் ஃபீனிக்ஸிலும் இன்றும் கண்ணில் படாத தெரு இல்லை. உதிரிபாகம் மலிவு, எந்த மெக்கானிக்குக்கும் அத்துப்படி. வண்டியின் மேல் எனக்குக் கோபமே இல்லை. விற்ற ஆள் மேல்தான்.

இணையத்தில் விளம்பரம் பார்த்துப் போனேன். மூலை மனையில் வரிசையாகப் பழைய கார்கள், பின்னால் கன்டெய்னரில் ஆபீஸ். உள்ளே முருகன் படம், ஊதுவத்தி வாசனை, அவர் நெற்றியில் விபூதி. பார்த்ததும் "வணக்கம்" என்று கைகூப்பினார். பேச்செல்லாம் ஆங்கிலம்தான், இங்கே நாலைந்து தலைமுறையாக இருக்கும் குடும்பங்களில் அப்படித்தானே. ஆனால் நடுநடுவே "தம்பி, தம்பி" என்றார். பாட்டனார் கரும்புத் தோட்டத்துக்குக் கப்பலேறி வந்த கதையைச் சொன்னார். நான் எந்த ஊர், தைப்பூசத்துக்குக் காவடி எடுப்பீர்களா என்றெல்லாம் விசாரித்தார். என் மகள் கையில் ஒரு மிட்டாய் கொடுத்தார். "நம்ம ஆளை நான் ஏமாத்துவேனா தம்பி? என் பொண்ணுக்குக் குடுக்கிற மாதிரி குடுக்கிறேன்" என்றார். சொந்த ஊரை விட்டு இவ்வளவு தூரம் வந்து பிழைக்கிறவனுக்கு அந்த வார்த்தை எவ்வளவு இதமாக இருக்கும் என்று அவருக்கு நன்றாகவே தெரிந்திருக்கிறது. அங்கேயே உட்கார்ந்து 62,000 ராண்டையும் வங்கிக் கணக்குக்கு மாற்றினேன்.

நான் போனபோதே பானெட் சூடாக இருந்தது. கேட்டேன். "இப்பதான் பெட்ரோல் போட்டுட்டு வந்தேன்" என்றார். ஆறிய எஞ்சினைக் கிளப்பினால் பின்னால் வெள்ளைப் புகை கிளம்பியிருக்கும். அதை மறைக்கத்தான் முன்கூட்டியே ஓட்டிச் சூடாக்கி வைத்திருக்கிறார்.

பைன்டவுன் தாண்டி ஃபீல்ட்ஸ் ஹில் மேட்டில் ஏறும்போது டெம்பரேச்சர் முள் சிவப்புக்கு ஓடிவிட்டது. வண்டிகள் உறுமிக்கொண்டு போகும் அந்தச் சாலையோரத்தில் மனைவியும் குழந்தையும் நின்ற நிலையை நினைத்தால் இப்போதும் வயிறு எரிகிறது.

மெக்கானிக் ஆயில் மூடியைத் திறந்து உள்பக்கத்தை என்னிடம் காட்டினார். பால் காபி நிறத்தில் கொழகொழவென்று ஒட்டியிருந்தது. ஆயிலில் தண்ணீர் கலந்திருக்கிறது. எஞ்சினுக்குள் ஆயிலும் தண்ணீரும் கலக்காமல் அடைத்துவைக்கும் ஹெட் கேஸ்கட் போய்விட்டது, சிலிண்டர் ஹெட்டும் வளைந்துவிட்டது. ரேடியேட்டருக்குள் ஒழுகலை அடைக்கும் பவுடர் பழுப்புத் துகளாகப் படிந்திருந்தது. தெரியாமல் விற்றேன் என்று இனி யார் சொன்னாலும் நம்பமாட்டேன். அப்புறம் டிரைவர் பக்கத்துக் கார்பெட்டைத் தூக்கினார். துருவின் மேல் பட்டி பூசி, மேலே கறுப்புப் பெயின்ட். ஸ்க்ரூடிரைவரால் குத்தினார், தரை தெரிந்தது. கடற்காற்று ஊரில் துரு வரும், சரி. ஆனால் இந்த வண்டிக்குச் சாலையில் ஓட்டத் தகுதியானது என்ற ரோட்வர்தி சான்றிதழ் எப்படிக் கிடைத்தது?

போன் செய்தேன். "ஒண்ணுமில்ல தம்பி, தண்ணி ஊத்தி ஓட்டுங்க." அடுத்த முறை, ஆள் ஜோகன்னஸ்பர்க் போயிருக்கிறார். அப்புறம் ஆபீஸ் பெண், "மெசேஜ் சொல்கிறேன்." நேரில் போய் நின்றபோது தம்பி காணாமல் போய் "மிஸ்டர்" ஆகிவிட்டேன். "இருபது வருஷ வண்டிகிட்ட வேற என்ன எதிர்பார்க்கிறீங்க? ஃபுட்ஸ்டுட்ஸ்னு கையெழுத்து போட்டிருக்கீங்க" என்று காகிதத்தை நீட்டினார். உள்ளது உள்ளபடி எடுத்துக்கொள்கிறேன் என்ற அந்த வரியைக் காட்டினால் நாம் வாயை மூடிக்கொள்வோம் என்று நினைக்கிறார்கள். 62,000 ராண்டுக்கு அந்த ஒரு வரிதான் பதிலாம்!

சட்டம் அப்படி இல்லை. தென்னாப்பிரிக்காவின் 2008-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 56-ஆவது பிரிவு: வியாபாரியிடம் வாங்கிய பொருளில் குறை இருந்தால் ஆறு மாதத்துக்குள் திருப்பிக் கொடுக்கலாம். பழுதுபார்ப்பதா, மாற்றித் தருவதா, பணமா என்பது வாங்கியவர் விருப்பம். சாதாரணத் தேய்மானம் இதில் வராது, குறையை முன்பே தெளிவாகச் சொல்லி விற்றிருந்தாலும் வராது. எனக்கு அந்தக் குறையை யார் சொன்னார்கள்? வியாபாரி அல்லாத தனியாள் தன் காரை விற்கும்போது மட்டும் ஃபுட்ஸ்டுட்ஸ் செல்லும், கவனம். எழுத்தில் புகார் அனுப்பிவிட்டேன், இப்படிப்பட்ட புகார்களை விசாரிக்கும் மோட்டார் தொழில் ஆம்பட்ஸ்மனிடமும் கொடுத்திருக்கிறேன். மெசேஜில் நீல டிக் விழுகிறது, பதில் இல்லை.

பார்க்க வேண்டியவை, அவசரமாக. போவதற்கு முன் எஞ்சினைக் கிளப்பவே கூடாது என்று சொல்லிவிட்டுப் போங்கள். சூடாக இருந்தால் திரும்பி வந்துவிடுங்கள். ஆயில் மூடி, ரேடியேட்டர் மூடி இரண்டையும் எஞ்சின் ஆறியிருக்கும்போது திறந்து பாருங்கள். கார்பெட்டைத் தூக்குங்கள். 2022 ஏப்ரல் வெள்ளத்தில் மூழ்கிய வண்டியா என்பதும் அங்கேதான் தெரியும். பதிவுச் சான்றிதழில் கோட் 3 என்று இருந்தால் நொறுங்கிய வண்டியைத் திரும்பக் கட்டியிருக்கிறார்கள் என்று பொருள். எஞ்சின் வால்வுகளை ஓட்டும் டைமிங் பெல்ட்டை மாற்றிய பில் கேளுங்கள். உங்கள் மெக்கானிக் பார்த்துச் சரி என்று சொல்லும்வரை ஒரு ராண்ட்கூட மாற்றாதீர்கள், எதிரில் இருப்பவர் எத்தனை முறை தம்பி என்று கூப்பிட்டாலும்.