69 வெள்ளி பஞ்சர் பை: கட்டணம் கட்டுமுன் இதைப் படித்துவிடுங்கள்

மலேசியாவில் இணையத்திலும் பசார் மாலாம் எனும் இரவுச் சந்தையிலும் 69 வெள்ளிக்கு (ரிங்கிட்) ஒரு கறுப்புப் பை விற்கிறார்கள். காற்று பம்பு, ஓட்டையடைக்கும் திரவம், ஓட்டையில் ரப்பர் கயிறு செருகி அடைக்கும் செட்டு, டார்ச் லைட் எல்லாம் ஒரே பையில். ஸ்பேர் டயர் இல்லாமல் வரும் கார்கள் கூடிவிட்டதால் நல்ல ஓட்டம். கெசாஸ் நெடுஞ்சாலை ஓரத்தில், இரவு நேரத்தில் ஒருவரைக் கைவிட்ட பை இது. பிரித்துப் பார்த்ததில் ஒழுங்காக வேலை செய்தது டார்ச் லைட் மட்டும்தான்.

பம்பின் மேல் "300 பிஎஸ்ஐ" (காற்றழுத்த அளவு) என்று கொட்டை எழுத்து. சிறிய காருக்கு வேண்டியது 30 முதல் 35 பிஎஸ்ஐ. 300ஐ வைத்துக்கொண்டு என்ன செய்வது? நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் காற்று தள்ளும் என்பதுதான் கணக்கு, அது பெட்டியில் எங்குமே இல்லை. சிறிய கார் டயருக்குள் ஏறக்குறைய 25 லிட்டர் இடம் இருக்கும். முழுக்க இறங்கிய டயரை 32 பிஎஸ்ஐக்கு ஏற்ற 55 லிட்டர் காற்றாவது உள்ளே போக வேண்டும். விரல் பருமன் பிஸ்டன் அதற்குள் சூடேறி நின்றுவிடுகிறது. அழுத்த மானியும் பொய்: பெட்ரோல் நிலையத்தில் 180 கேபிஏ (கிலோபாஸ்கல்; ஏறக்குறைய 7 கேபிஏ ஒரு பிஎஸ்ஐ) காட்டிய டயருக்கு இது 230 காட்டியது. வயர் பின் சக்கரத்துக்கு எட்டவில்லை; 3 மீட்டராவது வேண்டும். பிஸ்டன் சிக்கினால், பம்பைச் செருகும் லைட்டர் சாக்கெட்டின் ஃபியூஸும் போகும். உதிரி ஃபியூஸ் பையில் கிடையாது.

பெரிய ஏமாற்று திரவத்தில்தான். இது லேட்டக்ஸ் (ரப்பர் பால்) சரக்கு, நாள்பட்டால் திரிந்துபோகும்; வெயிலில் நிற்கும் காரின் பின்பெட்டியில் இன்னும் சீக்கிரம். இந்தப் புட்டியில் காலாவதி தேதி ஒட்டுத்தாளில் இருந்தது, அதை உரித்தால் அடியில் பழைய தேதி. குலுக்கினால் கட்டி உருளும் சத்தம். கார் நிறுவனங்கள் தரும் புட்டி பெரும்பாலும் 450 மில்லி இருக்கும். இதில் 200 கூடத் தேறாது. போதாததற்கு இது கையால் பிழிந்து ஊற்றும் வகை. வால்வின் உள்ளூசியைக் கழற்றினால்தான் திரவம் உள்ளே இறங்கும், கழற்றும் சாவியை வைக்கவே இல்லை. ஊசியோடு பிழிந்தால் திரவம் வால்விலேயே உறைந்து, அப்புறம் காற்றும் ஏறாது. அந்த இரவில் நடந்தது அதுதான்.

நல்ல திரவமும் எல்லாவற்றையும் அடைக்காது. தரையைத் தொடும் பகுதியில், 4 மில்லிமீட்டர் வரையுள்ள ஓட்டைக்குத்தான் அது. பக்கச்சுவர் கிழிந்தாலோ, டயர் ரிம்மை விட்டுக் கழன்றாலோ பம்பைத் தொடவே வேண்டாம், காரை இழுத்துச் செல்லும் டோ வண்டிதான். ஆணியைப் பிடுங்காமல் திரவத்தை ஏற்றுங்கள். கதவுத் தூணில் ஒட்டியுள்ள அளவுக்குக் காற்றடித்து, 80 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் போகாமல் 5 கிலோமீட்டர் ஓட்டி, நிறுத்தி அளந்து பாருங்கள். 130 கேபிஏக்குக் கீழே இறங்கியிருந்தால் அதற்குமேல் ஓட்டக்கூடாது. டயர் கடையில் உள்ளே திரவம் இருப்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். டயர் அழுத்த சென்சார் இருந்தால் அதையும் கழுவ வேண்டும்.

கயிறு செட்டில் துளையைச் சீராக்கும் அரத்தின் பிடி பிளாஸ்டிக். இரும்புக் கம்பி கோத்த டயரில் இரண்டு முறுக்கில் உடைந்தது. கயிறும் காய்ந்து நார்நாராகப் பிரிகிறது. நல்ல கயிறு கையில் பிசுபிசுக்கும். பிடி இரும்பாக, டி வடிவில் இருக்கட்டும். ஆணி எந்தச் சாய்வில் போனதோ அதே சாய்வில் அரத்தை விட வேண்டும், நேராகக் குத்தினால் இரண்டாவது ஓட்டை விழும். கயிற்றைச் செருகும் ஊசியில் கோத்து உள்ளே தள்ளி, வெளியே ஒன்றரை சென்டிமீட்டர் விட்டு, ஊசியை வெடுக்கென்று இழுங்கள். சோப்புத் தண்ணீர் தெளித்துக் குமிழி வரவில்லை என்றால் மிச்சத்தை நறுக்கலாம்.

இதையெல்லாம் நெடுஞ்சாலை ஓரத்தில் போக்குவரத்துப் பக்கத்து டயரில் செய்யவே கூடாது. பினாங்குப் பாலம் உட்பட பிளஸ் நிறுவனம் நடத்தும் சாலைகளில் 1800-88-0000க்கு அழைத்தால் ரோந்து வண்டி வரும். அது வரும்வரை சாலையோரத் தடுப்புக்கு அப்பால் நில்லுங்கள். கெசாஸ், எல்டிபி போன்ற மற்ற நெடுஞ்சாலைகளுக்கு வேறு எண்கள், போனில் பதிந்து வையுங்கள்.

விற்றவரைக் கேட்டதற்கு வந்த பதில்: "பயன்படுத்திய பொருள், திருப்பி எடுக்க மாட்டோம்." பஞ்சர் ஆகும் நாளில் திருப்பியனுப்பும் கெடு என்றோ முடிந்திருக்கும், இந்த வியாபாரம் ஓடுவதே அதனால்தான். ஆகவே பை வந்த அன்றே வீடியோ எடுத்தபடி பிரியுங்கள். புட்டியின் தேதியை நகத்தால் சுரண்டுங்கள். எஞ்சினை ஓடவிட்டு, ஒரு டயரில் பாதிக் காற்றை இறக்கி, பம்பால் மறுபடி ஏற்றிப் பாருங்கள்.

ஏற்கெனவே ஏமாந்திருந்தால் பையைத் தூக்கிப் போடாதீர்கள். விற்பனைப் பக்கத்தின் ஸ்கிரீன்ஷாட், ரசீது, காலி புட்டி மூன்றும் வேண்டும். விற்றவருக்கு மலேசிய முகவரி இருந்தால் பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றத்தில் மனு போடலாம். கட்டணம் 5 வெள்ளி, வழக்கறிஞர் தேவையில்லை.