மூன்று பெயர், ஒரே சரக்கு: உதிரி ஹாப்ஸ் வாங்கப் போகிறவர்களுக்கு

கேலக்ஸி, சிட்ரா, நெல்சன் சாவின் என்று மூன்று ரக ஹாப்ஸ் (பீருக்குக் கசப்பும் வாசனையும் தரும் பூ, காயவைத்துக் குருணையாக்கியது) மூன்று பை வாங்கினேன். ஒரே பேல் ஏலை (வெளிர் நிறப் பீர் வகை) பிரித்து, மூன்றையும் தனித்தனியாகப் போட்டுப் பார்த்தேன். மூன்றும் ஒரே பீராக வந்தது. எப்படி என்பதுதான் இந்தப் பதிவு. மெல்பர்ன் பக்கம் வீட்டில் பீர் காய்ச்சுகிற நம்மவர்கள் நாலு பேர் படித்தால் போதும்.

ஊரிலிருந்து படிப்பவர்கள் பதற வேண்டாம். ஆஸ்திரேலியாவில் சொந்த உபயோகத்துக்குப் பீர் காய்ச்சத் தடையில்லை. விற்கக் கூடாது, வடித்துச் சாராயம் எடுக்கக் கூடாது, அவ்வளவுதான். தமிழ்நாட்டில் இதே வேலையைச் செய்தால் 1937ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டம் வீட்டுக்கு வரும். அங்கே முயற்சி செய்யாதீர்கள்.

நான் எப்போதும் ஒரே பேல் ஏல்தான் போடுவேன். அதே மால்ட் (முளைகட்டி உலர்த்திய பார்லி), அதே ஈஸ்ட், ஹாப்ஸும் அதே அமெரிக்கக் கேஸ்கேட். 1972இல் வெளிவந்த ரகம். 1980இல் வந்த சியரா நெவாடா என்ற அமெரிக்கப் பேல் ஏலின் வாசனை பெரும்பாலும் இதனுடையதுதான். ஒரு கட்டத்தில் அலுத்துவிட்டது. ஹாப்ஸ் மாறினால் பீர் எவ்வளவு மாறும் என்று பக்கத்தில் வைத்துக் குடித்துப் பார்க்க ஆசை. கேலக்ஸி இந்த ஊர் ரகம், பேஷன் ஃப்ரூட் வாசனைக்குப் பேர்போனது. சிட்ராவில் சாத்துக்குடி வகைப் பழங்களோடு லிச்சி, மாம்பழம் என்று ஏதேதோ வரும். நெல்சன் சாவின் நியூசிலாந்து ரகம். வெள்ளை ஒயின் திராட்சை மாதிரி இருக்கும். ஒன்றையொன்று குழப்பிக்கொள்ளவே முடியாத மூன்று.

கடையில் மூன்றும் வாங்கினால் கொஞ்சம் கை கடிக்கும். அப்போதுதான் பழைய பொருள் விற்கும் ஆப் ஒன்றில் அந்த விளம்பரம் கண்ணில் பட்டது: பீர் காய்ச்சுவதை நிறுத்திவிட்டாராம், மிச்சமுள்ள ஹாப்ஸ், 100 கிராம் 10 டாலர். கடை விலையைவிட மலிவு. பணத்தை முன்கூட்டியே வங்கிக் கணக்குக்கு அனுப்பச் சொன்னார், அனுப்பினேன். ஞாயிறு காலை போய் வாங்கி வந்தேன்.

அங்கேயே மூன்று விஷயம் என் கண் முன்னால் நடந்தது, நான்தான் பார்த்தும் பார்க்காமல் வந்தேன். முதலாவது, அவர் பைகளை எடுத்தது ஃப்ரீசரிலிருந்து அல்ல, கராஜில் இருந்த மர அலமாரியிலிருந்து. மெல்பர்ன் கோடையில் தகரக் கூரை கராஜ் என்ன சூட்டில் இருக்கும் என்று இங்கே இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. இரண்டாவது, எல்லாம் கண்ணாடி மாதிரித் தெரிகிற ஜிப் பை. உள்ளே காற்று அப்படியே இருந்தது. மூன்றாவது, மார்க்கரில் ரகத்தின் பெயர் மட்டும் எழுதியிருந்தது. அறுவடை ஆண்டு இல்லை, கசப்பைத் தரும் ஆல்ஃபா அமிலம் எத்தனை சதவீதம் என்பதும் இல்லை. கேட்டேன். "கேலக்ஸி எப்பவும் 14 சதவீதம்தான்" என்றார். நானும் தலையாட்டினேன்.

அந்த 14ஐ நம்பித்தான் கணக்குப் போட்டேன். 20 லிட்டர் வோர்ட் (மால்ட்டை ஊறவைத்து வடித்த இனிப்புச் சாறு), ஒரு மணி நேரக் கொதிக்கு 20 கிராம் கேலக்ஸி: ஏறக்குறைய 32 ஐபியூ (கசப்பை அளக்கும் அலகு) வர வேண்டும். ஆறவைத்து, ஐந்து லிட்டர் ஜாடிகள் நான்கில் பிரித்து ஊற்றினேன். எல்லாவற்றிலும் ஒரே ஈஸ்ட். நொதிப்பு அடங்கியதும் மூன்று ஜாடிகளில் ஆளுக்கு ஒரு ரகம், 30 கிராம் ட்ரை ஹாப் (வாசனைக்காகக் கொதிக்கவிடாமல் பீரிலேயே ஊறப்போடுவது), மூன்று நாள். நான்காவதில் எதுவும் போடவில்லை, ஒப்பிட்டுப் பார்க்க அப்படியே விட்டேன். பை பிரித்தபோது லேசாகப் பாலாடைக்கட்டி வாடை வந்தது. மூன்றையும் ஒன்றாக வைத்திருந்ததால் வாசனை கலந்திருக்கும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். ஆசை வந்தால் மூக்கும் ஒத்துழைத்துவிடுகிறது.

மூன்று வாரம் கழித்து நண்பர்களை வரச்சொல்லி, குவளைகளுக்கு நம்பர் மட்டும் ஒட்டிக் கொடுத்தேன். யாழ்ப்பாணத்து நண்பர் ஒருவர், நாக்கில் கெட்டிக்காரர், மூன்றையும் இரண்டு முறை குடித்துவிட்டுச் சொன்னார்: "மச்சான், மூண்டும் ஒண்டுதானே? எங்களை வச்சு விளையாடுறியா?" நம்பரை மாற்றி மறுபடி கொடுத்தேன். ஒருவராலும் பிரிக்க முடியவில்லை. பழ வாசனை எதிலும் இல்லை. கசப்பும் இல்லை; நான்காவது ஜாடி மால்ட் பானகம் மாதிரி தித்தித்தது.

முதலில் என்னைத்தான் சந்தேகப்பட்டேன். தண்ணீரா, ஈஸ்டா, பாட்டிலில் அடைக்கும்போது காற்றுப் புகுந்ததா என்று ஒரு வாரம் மண்டையை உடைத்துக்கொண்டேன். அப்புறம் கடையில் சீல் வைத்த கேலக்ஸி பாக்கெட் ஒன்று வாங்கி, நான்கு டம்ளரில் சுடுதண்ணீர் ஊற்றி, அதையும் பழைய மூன்றையும் தனித்தனியாக ஒவ்வொரு கிராம் போட்டு மூடி வைத்தேன். கால் மணி நேரம். என் மனைவிக்குப் பீரே பிடிக்காது, அதனால் அவரை முகர்ந்து பார்க்கச் சொன்னேன். "இது ஒண்ணுலதாங்க பழ வாசனை வருது. மத்த மூணும் மழையில காயாத சாக்ஸ்." சீல் பாக்கெட்டைத்தான் காட்டினார். நிறத்திலும் அப்படியே: புதியது பச்சைப் பசேல், மற்றவை மூன்றும் ஒரே மாதிரி காய்ந்த வைக்கோல் பழுப்பு.

ஒரு மலிவு ரகத்தையே மூன்று பையில் போட்டுப் பெயர் எழுதினாரா, அல்லது உண்மையாகவே மூன்று ரகம்தான், அத்தனையும் செத்துப்போன சரக்கா? இதை என்னால் நிரூபிக்க முடியாது. காற்றும் சூடும் பட்டால் ஹாப்ஸின் வாசனை எண்ணெய் போகும், ஆல்ஃபா அமிலமும் குறையும். கேஸ்கேட் மாதிரி ரகம் சாதாரண அறைச் சூட்டில் ஆறு மாதம் கிடந்தாலே ஏறக்குறைய பாதிக் கசப்பை இழந்துவிடும். கடைசியில் மிஞ்சுவது பாலாடைக்கட்டி வாடை தரும் அமிலங்கள். பெருங்காய டப்பாவில் வாசனையாவது மிஞ்சும், இதில் அதுவும் இல்லை.

விற்றவருக்குப் படத்தோடு எழுதினேன். ட்ரை ஹாப் நாள் போதவில்லை என்றார். டம்ளர் சோதனையைச் சொன்னேன். சுவை அவரவர் நாக்கைப் பொறுத்தது என்றார். பணத்தைக் கேட்டேன், பிளாக் செய்துவிட்டார். கார்டில் கட்டியிருந்தால் வங்கியிடம் தகராறு எழுப்பியிருக்கலாம். நேரே கணக்குக்கு அனுப்பிய பணத்துக்கு அந்த வழியில்லை. கடையாக இருந்தால் சொன்ன பொருளைத் தரவில்லை என்று நுகர்வோர் சட்டத்தைக் காட்டலாம். வீட்டு மிச்சத்தை விற்கும் தனியாளிடம் அந்த உத்தரவாதங்கள் செல்லாது. 30 டாலர் பெரிய பணமில்லை. ஆனால் 20 லிட்டர் பீர், ஒரு ஞாயிறு முழுக்க நின்ற நேரம், மூன்று வாரக் காத்திருப்பு எல்லாம் போனது.

இனி நான் பார்க்கிற விதம் இதுதான். காற்று நீக்கிய, ஒளி புகாத ஃபாயில் பாக்கெட்டாக இருக்க வேண்டும். அறுவடை ஆண்டும் ஆல்ஃபா அளவும் அதில் அச்சிட்டிருக்க வேண்டும். ரகத்துக்குப் பொதுவாகச் சொல்லும் எண் எனக்கு வேண்டாம், அந்த ஆண்டுச் சரக்கை அளந்த எண் வேண்டும். ஆண்டைப் படிக்கும்போதும் கவனம்: இங்கேயும் நியூசிலாந்திலும் அறுவடை பிப்ரவரி கடைசியிலிருந்து ஏப்ரலுக்குள் நடக்கும், அமெரிக்காவில் ஆகஸ்ட், செப்டம்பர். ஒரே ஆண்டு போட்ட கேலக்ஸியும் சிட்ராவும் அரை வருஷம் வித்தியாசப்படும். உதிரியாகத்தான் கிடைக்கிறது என்றால், பணம் கொடுக்கும் முன் இரண்டு குருணையை விரலில் நசுக்கி முகர்ந்து பாருங்கள். விற்பவர் முகம் சுளித்தால் வாங்காமல் வந்துவிடுங்கள்.

மிச்சம் 180 கிராம் சொச்சம் இருந்தது. பிரஸ்ஸல்ஸ் பக்கம் லாம்பிக் என்ற புளிப்புப் பீர் போடுகிறவர்கள் ஹாப்ஸை வேண்டுமென்றே வருஷக்கணக்கில் பழசாக்கித்தான் பயன்படுத்துவார்கள். பீர் கெடாமலும் இருக்கும், கசப்பும் ஏறாது. இது அந்த ஆளுக்குத் தெரிந்திருந்தால் இரட்டை விலை சொல்லியிருப்பார். தோட்டத்து உரக்குழியில் கொட்டலாம் என்றுதான் போனேன். பக்கத்து வீட்டு நாய் வேலி தாண்டி வரும், ஹாப்ஸ் நாய்க்கு விஷம், உடம்புச் சூடு ஏறி உயிரே போய்விடும். அதனால் மூன்று பையையும் இறுகக் கட்டிக் குப்பைத்தொட்டியின் அடியில் போட்டு மூடினேன்.