விற்கப் போகும் டிசையருக்கு உட்புறச் சுத்தம்: வயலூர் சாலைக் கடை எப்படி?

அப்பாவின் 2014 மாருதி ஸ்விஃப்ட் டிசையரை விற்பதற்கு முன், திருச்சி வயலூர் சாலையில் உள்ள ஒரு சின்ன இன்டீரியர் கிளீனிங் கடையில் விட்டு எடுத்தேன். 2,800 ரூபாய் வாங்கினார்கள். கொடுத்த பணத்துக்கு வேலை சுத்தம். அதற்கும் மேலாக, ஒருவருக்கும் பிடிபடாமல் இருந்த ஒரு கோளாறை அங்கே வேலை பார்க்கும் பையன்தான் கண்டுபிடித்தான். அந்தக் கோளாறு இருந்திருந்தால் கார் நல்ல விலைக்குப் போயிருக்காது என்று உறுதியாகச் சொல்வேன்.

கார் 62,000 கிலோமீட்டர்தான் ஓடியது. எல்லா சர்வீஸும் நேரத்துக்குச் செய்த வண்டி, ரசீதுகள் வரிசையாகக் கோப்பில் இருக்கின்றன. கண்புரை அறுவைக்குப் பிறகு அப்பா ஓட்டுவதை நிறுத்திவிட்டதால் விற்கும் பொறுப்பு எனக்கு வந்தது. என்ஜின் சத்தமே தெரியாது. ஆனால் உள்ளே வெளிர் சந்தன நிறத் துணி இருக்கைகள். அந்த நிறம் எதையும் மறைக்காது. தலை சாயும் இடத்தில் தேங்காய் எண்ணெய் ஏறிக் கறுத்திருந்தது. சமயபுரம் போய் வந்த ஒவ்வொரு முறையும் சிந்திய விபூதியும் குங்குமமும் கியருக்குப் பக்கத்து இடுக்கில் படிந்திருந்தன. பின் இருக்கையில் ஒரு கல்யாணப் பயணத்தின் சாம்பார்க் கறை. இவற்றோடு ஒரு வாடை. மழை நாளில் காயாத துணி மூட்டையைத் திறந்தால் வருமே, அது.

துறையூரில் இருந்து ஒருவர் குடும்பத்தோடு பார்க்க வந்தார். கதவைத் திறந்ததும் மூக்கைச் சுளித்து, "தண்ணீரில் நின்ற வண்டியா அம்மா?" என்று கேட்டார். சென்னையில் 2015 வெள்ளத்துக்கும் 2023 டிசம்பர் வெள்ளத்துக்கும் பிறகு பழைய கார் வாங்குகிறவர்கள் இந்தக் கேள்வியைக் கேட்காமல் இருப்பதில்லை, கேட்கவும் வேண்டும். சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துச் சேற்றுக் கோடு இருக்கிறதா என்று பார்த்தார். இருக்கையின் தண்டவாளத்தில் விரலை ஓட்டித் துரு பார்த்தார். இரண்டிலும் ஒன்றும் இல்லை. ஆனால் முன் இடது பக்கத்தில் கால் வைக்கும் இடத்தில் கார்பெட்டை அழுத்தியபோது ஈரம் கையில் ஒட்டியது. அவர் என்ஜினைக்கூட ஸ்டார்ட் செய்து பார்க்கவில்லை. விலை கேட்காமலேயே கிளம்பிவிட்டார். பத்து வருடம் ஒழுங்காகப் பராமரித்த என்ஜினுக்கு அன்று ஒரு மதிப்பும் இல்லாமல் போனது எனக்கு மிகவும் வருத்தமாக இருந்தது.

அதன் பிறகுதான் இந்தக் கடை. தகரக் கூரை போட்ட இடம், ஒரே நேரத்தில் இரண்டு கார் நிற்கும். வாட்டர் வாஷ் கடைகளில் வாக்யூம் போட்டு, டேஷ்போர்டில் பளபளப்பு எண்ணெய் தடவி, அரை மணி நேரத்தில் அனுப்பிவிடுவார்கள். இங்கே காலையில் விட்டால் மாலைதான் கொடுப்பார்கள். முன் இருக்கைகளின் போல்ட்டைக் கழற்றி வெளியே எடுத்து வைத்துவிட்டுத்தான் தொடங்குகிறார்கள். அடியில் இருந்து சில்லறைக் காசு, பாக்கு, உலர்ந்த துளசி எல்லாம் வந்தன. காசையும் ஒரு கவரில் போட்டுக் கையில் கொடுத்தார்கள்.

சாம்பார்க் கறையை அவர்கள் கையாண்ட விதம் எனக்குப் பிடித்தது. மஞ்சள் பட்ட துணியில் காரமான சோப்பைப் போட்டால் கறை சிவந்து நிற்கும். வேட்டி துவைத்த யாருக்கும் இது தெரியும். அந்தப் பையனுக்கும் தெரிந்திருந்தது. முதலில் இருக்கையின் அடியில் கண்ணில் படாத மூலையில் மருந்தைத் தொட்டுப் பார்த்தான். பிறகு காரம் குறைந்த ஷாம்பூவைத் தெளித்து, மென்மையான பிரஷ்ஷால் தேய்த்து, அழுக்குத் தண்ணீரை உறிஞ்சும் இயந்திரத்தால் இழுத்தான். மிச்சம் இருந்த வெளிர் மஞ்சளுக்கு, "கதவைத் திறந்து வெயிலில் விடுகிறேன், மஞ்சள் வெயிலுக்குப் போய்விடும்" என்றான். முக்கால்வாசி போய்விட்டது. முழுதும் போகும் என்று அவன் வாக்குக் கொடுக்கவில்லை, அதுவும் எனக்குப் பிடித்தது.

எண்ணெய்க் கறை ஒரே முறையில் போகவில்லை, திரும்பத் திரும்பத் தேய்த்தார்கள். மேற்கூரைத் துணியை மட்டும் நனைக்காமல், ஈரத் துணியால் ஒற்றி ஒற்றி எடுத்தார்கள். அந்தத் துணி மெல்லிய ஃபோமோடு பசை போட்டு ஒட்டப்பட்டது. தண்ணீர் அதிகம் குடித்தால் பசை விட்டுத் தொங்கிவிடும். அவசரக்காரர்கள் கூரையில் நுரையைப் பீய்ச்சி அடிப்பதைப் பார்த்திருக்கிறேன். உங்கள் காரில் அப்படிச் செய்ய விடாதீர்கள்.

இனி அந்த ஈரம். கார்பெட்டைத் தூக்கியதும் அடியில் இருக்கும் பஞ்சுப் படலம் ஊறிக் கிடந்தது. பையன் என்னை அழைத்துக் காட்டினான். ஏசியில் சேரும் தண்ணீர் ஒரு சின்ன ரப்பர் குழாய் வழியாக வண்டிக்கு வெளியே சொட்ட வேண்டும். தூசி அடைத்துக்கொண்டால் தண்ணீர் திரும்பி உள்ளே, முன் இடது பக்கத்தில் இறங்கும். வெள்ளமும் இல்லை, மழையும் இல்லை, வாடைக்குக் காரணம் இந்தக் குழாய்தான். "இதைச் சரிசெய்யாமல் நான் சுத்தம் செய்து கொடுத்தால் பத்து நாளில் மறுபடி நாறும் அக்கா" என்று சொல்லி, பக்கத்து மெக்கானிக்கை அழைத்து வந்தான். காற்றைச் செலுத்தி அடைப்பை எடுக்க அவர் 200 ரூபாய் வாங்கினார். பஞ்சைக் கழற்றி வெயிலில் போட்டு, காய்ந்த பிறகுதான் திரும்ப வைத்தார்கள். கறையைப் போக்க எத்தனையோ கடை இருக்கிறது. கறை எங்கிருந்து வந்தது என்று தேடுகிற கடையைத்தான் நான் சிபாரிசு செய்வேன்.

குறைகளும் உண்டு. டிக்கியை மேலோட்டமாகத்தான் பெருக்கியிருந்தார்கள். ஸ்டெப்னி இருக்கும் பள்ளத்தில் மண் அப்படியே கிடந்தது. சொன்ன பிறகு எடுத்தார்கள், ஆனால் சொல்லியிருக்கத் தேவையில்லை. கடைசியில் டேஷ்போர்டுக்கு சிலிக்கான் பாலிஷ் போடவா என்று கேட்டார்கள், மறுத்துவிட்டேன். அந்தப் பளபளப்பு வெயிலில் முன் கண்ணாடியில் எதிரொளித்துக் கண்ணைக் கூச வைக்கும், தூசியையும் இழுக்கும். ஸ்டீயரிங்கிலோ மிதியிலோ பட்டால் வழுக்கும், அது ஆபத்து. நறுமணப் புட்டி மாட்டுவதையும் வேண்டாம் என்றேன். விற்கிற காரில் மல்லிகை சென்ட் மணந்தால், எதை மறைக்கிறார்கள் என்றுதான் வாங்குகிறவர் யோசிப்பார்.

விலைக் கணக்குக்கு வருகிறேன். சுத்தம் செய்வதற்கு முன்பே, பழைய கார் வாங்கும் ஒரு நிறுவனத்தின் ஆள் வீட்டுக்கு வந்து சோதித்திருந்தார். பெயிண்டின் கனத்தைக் கருவி வைத்து அளந்தார், பானெட்டைத் திறந்தார், கதவுத் தூண்களில் வெல்டிங் தடயம் தேடினார். உட்புறத்துக்கு மூன்று நான்கு புகைப்படங்கள், அவ்வளவுதான். 2,95,000 சொன்னார்கள். சுத்தம் செய்த பின் மறுபடி கேட்டேன், அதே 2,95,000. பாலக்கரையில் இருக்கும் ஒரு தரகர் காரணத்தைச் சொன்னார்: "வாங்கின வண்டியை எப்படியும் அவர்கள் ஆள் வைத்து ஒரு முறை கழுவித்தான் விற்பார்கள். உங்கள் சுத்தத்துக்கு ஏன் காசு தருவார்கள்?" ஆகவே கம்பெனிக்கோ எக்ஸ்சேஞ்சுக்கோ கொடுப்பதாக இருந்தால், வாடையை மட்டும் போக்கிவிட்டு மிச்சப் பணத்தைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள்.

நேரடியாக ஒரு குடும்பத்துக்கு விற்பது வேறு. சுத்தத்துக்கு முன் வந்த உறையூர்க்காரர் ஒருவர், "சீட்டு மாற்றணும், ஏசி பார்க்கணும், கார்பெட் போடணும்" என்று விரல் விட்டு எண்ணி 3,15,000-இல் நின்றார். சுத்தத்துக்குப் பின் முசிறியில் இருந்து ஓர் ஆசிரியையும் அவர் கணவரும் வந்தார்கள். அந்த ஆசிரியையும் சீட் பெல்ட்டை இழுத்தார், கார்பெட்டை அழுத்தினார். பிரேக் மிதியின் ரப்பரையும் ஸ்டீயரிங்கின் தேய்மானத்தையும் மீட்டரில் இருந்த கிலோமீட்டரோடு ஒப்பிட்டுப் பார்த்தார். நல்ல பழக்கம். மீட்டரைத் திருத்திய வண்டிகளை இவைதான் காட்டிக்கொடுக்கும். அதனால் விற்பதற்கு முன் மிதி ரப்பரைப் புதிதாக மாற்றிவிடாதீர்கள், இல்லாத சந்தேகத்தை அது கிளப்பும். பேரம் முழுவதும் டயரையும் இன்ஷூரன்ஸையும் பற்றித்தான் நடந்தது. உட்புறத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. 3,40,000-க்கு முடிந்தது.

நிறுவனம் சொன்னதைவிட 45,000 அதிகம் கிடைத்தது கடையின் சாதனை என்று சொல்லமாட்டேன். இடையில் ஆள் இல்லாததால் வந்த பணம் அதில் பெரும்பங்கு. உறையூர்க்காரர் நின்ற இடத்துக்கும் முசிறி அம்மா கொடுத்த விலைக்கும் உள்ள 25,000-தான் நியாயமான ஒப்பீடு. அதிலும் ஆளுக்கு ஆள் மாறுபடும். உட்புறச் சுத்தம் காரின் விலையை ஏற்றாது. குறைக்கக் கிடைக்கும் காரணங்களை ஒவ்வொன்றாக எடுத்துவிடும். மாடல், வருடம், கிலோமீட்டர், எத்தனையாவது உரிமையாளர் என்பவைதான் விலையை நிர்ணயிக்கின்றன.

காரை இன்னும் சில வருடம் ஓட்டப் போகிறவர்களுக்குக் கடைப் பையன் சொன்ன இரண்டு விஷயங்கள். வீடு சேர்வதற்குச் சில நிமிடங்கள் முன்பே ஏசியை அணைத்துவிட்டு விசிறியை மட்டும் ஓட விடுங்கள். உள்ளே இருக்கும் குளிர் சுருள் காய்ந்துவிடும், பூஞ்சை வாடை குறையும். புதுக் காரின் பாலிதீன் உறையை வருடக்கணக்கில் கிழிக்காமல் வைத்திருப்பது நம் ஊரில் பெரும் பெருமை. அந்த உறைக்குள் வியர்வையும் ஈரமும் மாட்டிக்கொண்டு துணியைக் கெடுக்கும். முதல் நாளே கிழித்துவிட்டு, துவைக்கக்கூடிய துணி உறை போடுங்கள்.

கடைக்குப் போகிறவர்கள் முந்தைய நாளே போன் செய்துவிடுங்கள், ஞாயிறு காலையில் இடம் கிடைக்காது. ஐப்பசி, கார்த்திகையில் போகாதீர்கள், வெயில் இல்லாமல் இருக்கையும் கார்பெட்டும் சரியாகக் காயாது. டிக்கியும் ஸ்டெப்னிப் பள்ளமும் கூலியில் சேர்ந்தவை என்று விடும்போதே சொல்லிவிடுங்கள். பாலிஷ் வேண்டாம் என்பதையும் அப்போதே சொல்லுங்கள்.