விபத்து அறிக்கை எழுதும் பயிற்சி: சூப்பர்வைசர்களைத் தாராளமாக அனுப்பலாம்

கோவையில் பவுண்டரி (உலோக வார்ப்பு ஆலை) சூப்பர்வைசர்களுக்கு நடந்த ஒருநாள் வகுப்பு. பழைய அறிக்கை ஒன்றைத் திரையில் போட்டார்கள்: ‘கவனக்குறைவால் கையில் அடி.’ பயிற்சியாளர் அதை அடித்துவிட்டு, நடந்ததை மட்டும் எழுத வைத்தார். ‘காலை 10.20. கிரைண்டிங் மெஷினில் கார்டு (சக்கரத்தின் பாதுகாப்பு மூடி) இல்லை. இடது ஆள்காட்டி விரலில் வெட்டு.’

அப்புறம் டொயோட்டா ஆலைகளில் வளர்ந்த ‘ஐந்து ஏன்’ முறை. கார்டு ஏன் இல்லை? சக்கரம் மாற்றக் கழற்றினார்கள். ஏன் திரும்ப மாட்டவில்லை? ஸ்டோரில் போல்ட் இல்லை. அடிபட்டவர் தலையிலேயே பழியைக் கட்டுவது இப்படிக் கேட்டால்தான் நிற்கும். இந்த ஒன்றுக்கே கட்டணம் தகும்.

படிவம் முழுக்கத் தமிழில் இருந்தது பெரிய உதவி. மயிரிழையில் தப்பிய சம்பவங்களைக் கடைசி அரைமணியில் அவசரமாக முடித்துவிட்டார்கள். அதற்கு மதியம் முழுக்க ஒதுக்கியிருக்க வேண்டும்.