இரண்டு வாரம் தாண்டிய இருமல்: காசநோயா என்று பார்க்க மைக்ராஸ்கோப்பா, எக்ஸ்ரேயா, ட்ரூநாட்டா?

நெல்லை மாவட்டத்தில் முக்கூடல், மேலப்பாளையம், பேட்டை பக்கம் கிளினிக் நடத்தும் டாக்டர்களுக்கு இந்த அக்காவை நன்றாகத் தெரியும். மடியில் சுளகை வைத்துப் பகல் முழுக்கப் பீடி சுற்றுகிறவர். மூன்று வாரமாக இருமல், சாயங்காலமானால் லேசான காய்ச்சல். "புகையிலைத் தூசிதான் சார், வேற ஒண்ணுமில்ல" என்று காரணத்தையும் அவரே சொல்லிவிடுவார். நாமும் ஒரு சிரப், ஐந்து நாள் ஆன்டிபயாட்டிக் என்று எழுதி அனுப்பிவிடுகிறோம். அது லீவோஃப்ளாக்சசினாக இருந்துவிட்டால் இன்னும் மோசம். காசநோய்க் கிருமியையும் அது ஓரளவு அடக்கும், காய்ச்சல் இறங்கும், நோயைக் கண்டுபிடிப்பது தள்ளிப்போகும். அதற்குள் வீட்டில் இருப்பவர்களுக்கும் தொற்றிவிடலாம். அதனால் மருந்தை மாற்றி மாற்றிக் கொடுத்துப் பார்ப்பதை நான் இந்தப் போட்டியிலேயே சேர்க்கவில்லை.

மைக்ராஸ்கோப் பரிசோதனை நமக்குப் பழகியது, செலவு குறைவு. ஆனால் ஒரு மில்லி சளியில் ஐயாயிரத்திலிருந்து பத்தாயிரம் கிருமியாவது இருந்தால்தான் கண்ணில் படும். ஆரம்ப நிலையில் இருப்பவர்கள், குழந்தைகள், எச்ஐவி உள்ளவர்கள் இதில் தப்பிவிடுகிறார்கள். மருந்து கேட்குமா கேட்காதா என்பதையும் இது சொல்லாது.

எக்ஸ்ரே நேர் எதிர். அறிகுறி தெரியாதவரிடம்கூட நிழலைக் காட்டிவிடும், ஆனால் அந்த நிழல் காசநோயா, நிமோனியாவா, பழைய தழும்பா என்று உறுதி சொல்லாது. படத்தை மட்டும் பார்த்து ஆறு மாத மருந்தைத் தொடங்குவதை என்னால் ஏற்க முடியவில்லை. சந்தேகத்தைக் கிளப்ப எக்ஸ்ரே, உறுதிப்படுத்தச் சளி.

அந்தச் சளியை முதலில் மூலக்கூறு பரிசோதனைக்குத்தான், அதாவது கிருமியின் டிஎன்ஏவைத் தேடும் பரிசோதனைக்குத்தான் அனுப்ப வேண்டும். அதற்கான சிபிநாட், ட்ரூநாட் மெஷின்கள் இரண்டுமே மைக்ராஸ்கோப்பைவிடப் பல மடங்கு குறைவான கிருமியையும் பிடித்துவிடும். சிபிநாட் சுமார் இரண்டு மணி நேரத்தில் நோயையும், முக்கியக் காசநோய் மருந்தான ரிஃபாம்பிசினுக்குக் கிருமி கட்டுப்படாத எதிர்ப்பையும் சேர்த்துச் சொல்லும், ஆனால் ஏசி அறையும் சீரான கரண்டும் வேண்டும். ட்ரூநாட் கோவாவில் தயாராவது, பேட்டரியில் ஓடும். சுமார் ஒரு மணி நேரத்தில் முடிவு வந்துவிடும். நோய் உறுதியானால் ரிஃபாம்பிசினுக்குத் தனி சிப் போட்டு இன்னொரு மணி நேரம் காத்திருக்க வேண்டும், அவ்வளவுதான். ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே வைக்கலாம் என்பதால் நம் கிராமங்களுக்கு என் ஓட்டு ட்ரூநாட்டுக்கே. 2020-இல் உலக சுகாதார நிறுவனமும் இதைப் பரிந்துரைத்தது. சிகிச்சை நடுவில் முன்னேற்றம் பார்க்க மட்டும் மைக்ராஸ்கோப்புக்கே திரும்ப வேண்டும். செத்த கிருமியின் டிஎன்ஏவைக்கூட மூலக்கூறு பரிசோதனை பாசிட்டிவ் என்று காட்டிவிடும்.

எந்த மெஷினாக இருந்தாலும், டப்பாவில் எச்சில் வந்தால் பிரயோஜனம் இல்லை. காலையில் எழுந்ததும் வாயைக் கொப்பளித்து, இரண்டு மூன்று முறை மூச்சை ஆழமாக இழுத்துவிட்டு, அடி நெஞ்சிலிருந்து இருமித் துப்பச் சொல்லுங்கள். அதுவும் வெட்டவெளியில், பக்கத்தில் ஆள் இல்லாத இடத்தில். இதை நர்ஸ் ஒருவர் நின்று நிதானமாகச் சொல்லிக்கொடுத்தாலே பாதி வேலை முடிந்தது.

அப்புறம் அறிவிப்பு. 2012 முதல் ஒவ்வொரு காசநோயாளியையும் அரசுக்கு அறிவிப்பது கட்டாயம். 2018 முதல் அறிவிக்காமல் விட்டால் தண்டனையும் உண்டு. அரசின் காசநோய்ப் பதிவு இணையதளமான நிக்‌ஷயில் நாமே பதியலாம், இல்லாவிட்டால் பக்கத்துக் காசநோய்ப் பிரிவு ஊழியரிடம் விவரம் கொடுக்கலாம். கூட்டம் நெரியும் கிளினிக்குக்கு இரண்டாவது வழிதான் நடைமுறைக்கு ஒத்துவரும், ஆனால் அன்றைக்கே கொடுத்துவிட வேண்டும். "பொண்ணுக்குக் கல்யாணம் பேசியிருக்கு, பேரை எழுதாதீங்க சார்" என்று கெஞ்சுபவர்கள் உண்டு. பெயர் ஊருக்குத் தெரியாது என்பதையும், பதிந்தால் தனியாரிடம் சிகிச்சை எடுத்தாலும் ஊட்டச்சத்துக்கு மாதம் 1,000 ரூபாய் வங்கிக் கணக்கில் வரும் என்பதையும் பொறுமையாகச் சொல்லுங்கள். 2024 நவம்பர் வரை அது 500 ரூபாயாக இருந்தது. பதிந்தால்தான் வீட்டில் உள்ள மற்றவர்களையும் பரிசோதிக்க ஆள் வரும். நோய் இல்லை என்று உறுதியான பிறகு, ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்குத் தடுப்பு மருந்தை முதலில் தொடங்கச் சொல்லுங்கள்.